உங்க பேரு என்னம்மா?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் உங்கள் கண் முதலில் எங்கே போகும்? நம்பருக்கு. அடுத்து, பக்கத்திலேயே அச்சடித்திருக்கும் 'நார்மல்' அளவுக்கு. நம்பர் அதைத் தாண்டியிருந்தால் வயிற்றில் ஒரு கலக்கம். கீழே கையெழுத்துப் போட்ட டாக்டரின் பெயரையும், அவர் பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டங்களையும்கூடச் சிலர் படித்துவிடுவார்கள். காலையில் வெறும் வயிற்றோடு போனீர்களே... அப்போது உங்கள் கையில் ஊசி குத்தினாரே ஒருத்தர், அவர் பெயர் பெரும்பாலும் அந்தக் காகிதத்தில் எங்கேயும் இருக்காது.

முப்பத்தோரு வருஷம் அந்த ஒருத்தராக இருந்தவன் நான்.

சர்டிஃபிகேட்டில் லேப் டெக்னீஷியன். வார்டில் 'ரத்தம் எடுக்குற அண்ணன்'. எங்கள் தெருக் குழந்தைகளுக்கு 'ஊசி மாமா'. சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளைகளை மிரட்ட, பூச்சாண்டிக்கு அடுத்தபடியாக என்னைத்தான் உபயோகப்படுத்தினார்கள். இப்போது இதற்கென்றே 'பிளபாட்டமிஸ்ட்' என்று தனிப் படிப்பு, தனி வேலை எல்லாம் வந்துவிட்டது. கிரேக்க மொழியில் ரத்தக் குழாயை வெட்டுவது என்ற அர்த்தத்தில் வந்த பெயர். ஒரு காலத்தில் நிஜமாகவே வெட்டித்தான் எடுத்தார்கள். உடம்பில் உள்ள கெட்ட ரத்தத்தை வெளியேற்றினால் நோய் போய்விடும் என்று ஐரோப்பாவில் பல நூற்றாண்டு நம்பியிருந்தார்கள். அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனுக்கு 1799 டிசம்பரில் தொண்டை வீங்கி மூச்சு முட்டியபோது, ஒரே நாளில் இரண்டு லிட்டருக்கு மேல் ரத்தத்தை எடுத்தார்கள். அன்று ராத்திரியே போய்ச் சேர்ந்தார்.

இன்றைக்கு நாங்கள் எடுப்பது ஒரு டியூபுக்கு மூன்று, நாலு மில்லி. பெரிய ஆளின் உடம்பில் ஐந்து லிட்டர் அளவுக்கு இருக்கிறது. ஆனாலும் "ஒரு படி ரத்தத்தை உறிஞ்சிட்டானே பாவி!" என்று திட்டாத பாட்டியை நான் இன்னும் பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டில் ஏதாவது கோளாறு என்றால் ஜனங்கள் உடனே சொல்வது, "அந்த லேப்ல மிஷின் சரியில்லைங்க." பாவம் மிஷின்! அதற்குக் கொடுத்ததை அது அளந்து சொல்கிறது, அவ்வளவுதான். இத்தாலியில் பதுவா நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், லேப் ரிப்போர்ட்டுகளில் வரும் தப்புகள் எந்தக் கட்டத்தில் நடக்கின்றன என்று உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். 1997-ல் வெளியான கணக்குப்படி நூற்றுக்கு 68 தப்பு, ரத்தம் மிஷினைத் தொடுவதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. பத்து வருஷம் கழித்து மறுபடி எடுத்த கணக்கில் 62. அதாவது யாரிடம் எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள், எந்த டியூபில் விட்டார்கள், எப்படிக் கொண்டுபோனார்கள் என்கிற இடத்தில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள்.

அதில் ரொம்ப ஆபத்தானது, ரொம்பச் சுலபமான விஷயம். பெயர் கேட்பது.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. ஊர் வேண்டாம், ஆஸ்பத்திரி வேண்டாம். பிரசவ வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் இரண்டு பெண்கள். இரண்டு பேருக்கும் ஒரே பெயர். நம் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு வைத்திருக்கும் பெயர்தான். அதில் ஒருத்திக்கு நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருந்தது. மறுநாள் காலையில் சிசேரியன். ரத்தப்போக்கு அதிகமாகலாம் என்று இரண்டு யூனிட் ரத்தம் தயாராக வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. சாயங்காலம் டியூப் ரத்த வங்கிக்கு வந்தது. குரூப் பார்த்தேன். ஏ பாசிடிவ்.

எழுதி வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் எங்கள் ரத்த வங்கியில் ஒரு வழக்கம். பழைய ரிஜிஸ்டரைப் புரட்டாமல் ரத்தம் கொடுக்கக் கூடாது. எனக்கு முன்னால் அங்கே இருந்த சீனியர் ஏற்படுத்தியது. அவர் இருந்தவரை எல்லோரும் அவரைச் சந்தேகப் பிராணி என்று கேலி செய்வோம். புரட்டினேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே பெண்ணுக்கு அதே ஆஸ்பத்திரியில் முதல் பிரசவம். அதே ஊர், அதே கணவர் பெயர். ஆனால் குரூப்... ஓ பாசிடிவ்.

மனுஷனுக்கு வீடு மாறும், வேலை மாறும், கட்சிகூட மாறும். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை மாதிரி அபூர்வமான சங்கதிகளை விட்டுவிட்டால், ரத்த குரூப் மாறாது. வார்டுக்கு ஓடினேன்.

முதல் கட்டிலில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்: "உங்க பேரு என்னம்மா?" சொன்னாள். "வீட்டுக்காரர் பேரு?" சொன்னாள். "சாயங்காலம் ரத்தம் எடுத்தாங்களா?" "எடுத்தாங்கண்ணே." பக்கத்துக் கட்டில் பெண்ணிடமும் அதே மூன்று கேள்வி. அவளும் "எடுத்தாங்க" என்றாள்.

பயிற்சிக்கு வந்திருந்த பையனைத் தேடிப் பிடித்தோம். நல்ல பையன்தான். கை சுத்தம், குத்தினால் வலி தெரியாது என்று பெயர் வாங்கியவன். அன்று இரண்டு பேரிடமும் அடுத்தடுத்து ரத்தம் எடுத்திருக்கிறான். இரண்டு டியூபையும் கோட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, நர்ஸ் டேபிளுக்கு வந்து உட்கார்ந்து, அங்கே வைத்து லேபிள் ஒட்டியிருக்கிறான். "பேரு கேட்டியாப்பா?" என்றேன். "கேட்டேண்ணே. 'நீங்கதானே இன்னார்?'னு கேட்டேன். ரெண்டு பேருமே ஆமான்னாங்க."

ஆமாம், சொல்லத்தான் செய்வார்கள். இரண்டு பேருக்கும் அதுதானே பெயர்! பெயரே வேறாக இருந்தாலும்கூடச் சிலர் தலையாட்டிவிடுவார்கள். காது மந்தமான தாத்தா, ஜுர மயக்கத்தில் இருப்பவர், வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பயப்படும் கிராமத்து அம்மா... இவர்களிடம் எதைக் கேட்டாலும் "ஆமாங்க" என்றுதான் பதில் வரும். அதனால்தான் பெயரை நாம் சொல்லக் கூடாது, அவர்கள் வாயால் சொல்ல வைக்க வேண்டும். கூடவே இன்னொரு அடையாளம்: வயதோ, பிறந்த தேதியோ, ஆஸ்பத்திரி நம்பரோ. லேபிளை எடுத்த இடத்திலேயே, அந்த ஆள் எதிரே இருக்கும்போதே ஒட்ட வேண்டும். காலி டியூபில் முன்கூட்டியே ஒட்டி வைப்பதும் வம்பு. பாக்கெட்டில் போட்டு அப்புறம் ஒட்டுவது அதைவிட வம்பு.

ஓ குரூப்காரருக்கு ஏ ரத்தம் ஏற்றினால் என்ன ஆகும்? அவருடைய ரத்தத்திலேயே ஏ அணுக்களை எதிர்க்கும் படை தயாராக இருக்கிறது. புதிதாக வந்த அணுக்களை உடைத்து நொறுக்கும். குளிர் நடுக்கம், இடுப்பு வலி, சிறுநீரகம் நின்றுபோவது... உயிரே போகலாம். இதற்குக் காரணமான குரூப்களை வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் 1901-ல் எழுதி வெளியிட்டார்; 1930-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த மேதையின் கண்டுபிடிப்பு மொத்தமும் எங்கள் வார்டில் ஒரு கோட் பாக்கெட்டில் காலாவதியாக இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். 'கிராஸ் மேட்ச்' என்று ஒரு பரிசோதனை உண்டு. கொடுக்கிற ரத்தத்தையும் வாங்குகிறவர் ரத்தத்தையும் கலந்து பார்ப்பது. அதுவும் இந்தத் தப்பைக் கண்டுபிடித்திருக்காது. டியூபில் இருந்தது பக்கத்துக் கட்டில்காரியின் ரத்தம் ஆயிற்றே, ஏ ரத்தத்தோடு அழகாகப் பொருந்திப் போயிருக்கும்.

மறுபடி ரத்தம் எடுக்கப் போனபோது அந்தப் பெண்ணின் கணவர் எகிறினார். "எத்தன தடவதான்யா குத்துவீங்க? புள்ளத்தாச்சி உடம்புல ரத்தம் இருக்க வேணாமா?" லேபிள் மாறிப்போயிருக்கிறது, அதனால்தான் என்று உள்ளதைச் சொன்னேன். இன்னும் எகிறினார். அவர் கோபம் நியாயம்தான். மறுநாள் பெண் குழந்தை. ஒன்றரை யூனிட் ஓ ரத்தம் ஏறியது.

இப்போது பல ஆஸ்பத்திரிகளில் முதன்முதலாக வரும் நோயாளிக்கு, வேறொரு நேரத்தில் இரண்டாவது தடவையும் ரத்தம் எடுத்து குரூப்பை ஒத்துப் பார்த்த பிறகே ஏற்றுகிறார்கள். உங்களுக்கு அப்படி இரண்டு தடவை குத்தினால் தயவுசெய்து சண்டைக்குப் போகாதீர்கள்.

சரி, பெயர் கேட்டாயிற்று. அடுத்தது நரம்பு. "நரம்பே கிடைக்கல", "எனக்கு நரம்பு உள்ளே போயிடும் சார்" என்று எல்லோரும் சொல்கிறோம். நானும்தான். ஆனால் நாம் ரத்தம் எடுப்பது சிரையில்; நரம்பு என்பது வேறு சமாசாரம், மூளைக்குத் தகவல் கொண்டுபோகிற கம்பி. அதைக் குத்தினால் ஷாக் அடித்த மாதிரி விரல் நுனிவரை சுர்ரென்று ஓடும். அப்படி ஓடினால் நோயாளி உடனே சொல்ல வேண்டும், எடுப்பவர் உடனே ஊசியை வெளியே எடுத்துவிட வேண்டும். முழங்கை மடிப்பில் நடுவில் ஓடும் சிரைதான் முதல் சாய்ஸ். கட்டைவிரல் பக்கம் ஓடுவது இரண்டாவது. உள்பக்கம், சுண்டுவிரல் பக்கமாக ஓடுவது பார்க்கப் பெரிசாக ஆசைகாட்டும். ஆனால் அதற்குப் பக்கத்திலேயே தமனியும் நரம்பும் போகின்றன. வேறு வழியே இல்லை என்றால் மட்டும்தான் அங்கே போவது.

என் சீனியர் கண்ணை மூடிக்கொண்டு சிரையைத் தேடச் சொல்வார். பச்சையாகத் தெரிவதெல்லாம் உதவாது. விரல் நுனியால் அமுக்கினால் ஸ்பாஞ்ச் மாதிரி எழும்புவதுதான் வேண்டும். குண்டான கைகளில் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது, விரலுக்குத் தெரியும். நிறமான தோலிலும் அப்படித்தான். எனக்குப் பழக ஒரு வருஷம் ஆயிற்று.

டூர்னிகே என்கிற அந்த ரப்பர் பட்டையை, குத்தும் இடத்துக்கு நாலு விரற்கடை மேலே கட்டுவோம். ஒரு நிமிஷத்துக்கு மேல் இருக்கக் கூடாது. கட்டிவிட்டு ஊசியைத் தேடுவது, போன் பேசுவது, பக்கத்து ஆளிடம் கதை கேட்பது இதெல்லாம் கூடவே கூடாது. ரத்தம் தேங்கினால் புரதமும் கால்சியமும் அந்த இடத்தில் கெட்டியாகி, கணக்கு எகிறும். "கையை மூடித் திறங்க, மூடித் திறங்க" என்று தேகப்பயிற்சி செய்யச் சொல்கிறார்களே, அதுவும் தப்பு. தசை வேலை செய்தால் பொட்டாசியம் வெளியே வரும். சும்மா மூடி வைத்திருந்தால் போதும்.

அப்புறம் ஸ்பிரிட். துடைத்துவிட்டு அரை நிமிஷம் காய விட வேண்டும். ஈரத்தோடு குத்தினால் எரியும், சிவப்பணுக்களும் உடையும். சீக்கிரம் காயட்டும் என்று சிலர் வாயால் 'உஃப்' என்று ஊதுவார்கள். ஊதுகிற வாயில் இருக்கும் கிருமிகளைச் சுத்தம் செய்த இடத்தில் விதைத்த மாதிரி! துடைத்த பிறகு "எங்கே இருந்துச்சு?" என்று மறுபடி விரலால் தடவிப் பார்ப்பதும் இதே ரகம்.

எடுத்து முடித்ததும் பஞ்சை வைத்து, "கையை மடக்கிக்குங்க" என்பார்கள். தமிழ்நாடு முழுக்க லேப் வாசல்களில் வரிசையாகக் கையை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மடக்காதீர்கள். கையை நீட்டி, பஞ்சின் மேல் அழுத்திப் பிடியுங்கள், இரண்டு மூன்று நிமிஷம். மடக்கினால் அழுத்தம் சரியாக விழாமல் ரத்தம் தோலுக்கடியில் கசிந்து, மறுநாள் நாவல்பழக் கலரில் வீங்கும். நீங்கள் "சரியாவே குத்தத் தெரியல அவனுக்கு" என்பீர்கள்.

இனி டியூப்.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளில் கலர் மூடியெல்லாம் கிடையாது. கண்ணாடி சிரிஞ்சை வேகவைத்து எடுப்போம். ஊசி மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்டுவோம். காலியான பென்சிலின் பாட்டில்களைக் கழுவி, உறைவதைத் தடுக்கும் மருந்தை உள்ளே காய வைத்து, அதில்தான் ரத்தம். காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கி, தானாகவே ரத்தத்தை இழுத்துக்கொள்ளும் டியூபை 1940-களிலேயே ஜோசப் கிளைனர் என்பவர் அமெரிக்காவில் செய்துவிட்டார். எங்கள் ஊருக்கு வந்து சேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

மூடியின் கலர் அழகுக்கு அல்ல. உள்ளே இருக்கும் மருந்து வேறு வேறு. வெளிர் நீலத்தில் சிட்ரேட், உறையும் தன்மையைப் பார்க்க. இதில் கோடு வரை நிரப்பியே ஆக வேண்டும்; ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு மருந்து என்று கணக்கு. பாதி டியூபோடு அனுப்பினால், ஒழுங்காக உறையும் ரத்தம் உறையாத மாதிரி ரிப்போர்ட் வரும். சிவப்பு, மஞ்சள் மூடி, சீரம் பிரிக்க. பச்சையில் ஹெப்பரின். ஊதாவில் இடிடிஏ, ஹீமோகுளோபின், அணுக்கள் எண்ணிக்கை பார்க்க. சாம்பலில் ஃப்ளோரைடு, சர்க்கரைக்கு.

ஒரே குத்தலில் பல டியூப் நிரப்பும்போது வரிசை உண்டு. கிருமி வளர்த்துப் பார்க்கும் பாட்டில் முதலில், பிறகு நீலம், சிவப்பு அல்லது மஞ்சள், பச்சை, ஊதா, கடைசியில் சாம்பல். இதை மந்திரம் மாதிரி மனப்பாடம் செய்கிற பிள்ளைகளிடம் ஏன் என்று கேட்டால் முழிப்பார்கள். ஊதா மூடி டியூபில் இருப்பது பொட்டாசியம் சேர்ந்த உப்பு. அது கால்சியத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுத்தான் ரத்தத்தை உறையாமல் வைக்கிறது. அதில் ஒரு துளி சிவப்பு மூடிக்குள் போனால் போதும்.

ஒரு மத்தியானம் சீரியஸ் வார்டிலிருந்து வந்த சாம்பிளில் பொட்டாசியம் 14 என்றது மிஷின். நார்மல் 3.5-லிருந்து 5 வரை. ஏழுக்குப் போனாலே இதயம் தாளம் தப்பலாம். கால்சியமோ கிட்டத்தட்ட இல்லவே இல்லை. இந்த நம்பர்களோடு ஒருத்தர் உயிரோடு இருக்க முடியாது. மேலே போய்ப் பார்த்தால், மனுஷர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தினத்தந்தியில் கன்னித்தீவு படித்துக்கொண்டிருந்தார்! புதிதாகச் சேர்ந்த நர்ஸ் பெண், ஊதா டியூபில் கூடுதலாகப் போய்விட்டது, சிவப்பில் குறைகிறது என்று பார்த்து, இதிலிருந்து கொஞ்சம் அதில் ஊற்றியிருக்கிறாள். வீட்டில் குழம்பும் ரசமும் அட்ஜஸ்ட் செய்வது மாதிரி. சிக்கனமான பெண். ஆனால் யாராவது அந்த நம்பரை நம்பி, பொட்டாசியத்தை இறக்க மருந்து ஏற்றியிருந்தால்?

இது பார்த்ததுமே பொய் என்று தெரிகிற நம்பர். 6.2 என்று வந்தால்தான் கஷ்டம். நிஜமாகவும் இருக்கலாம். சிவப்பணுவுக்கு உள்ளே இருக்கும் பொட்டாசியம், வெளியே இருப்பதைப் போல இருபது மடங்குக்கு மேல். சின்ன ஊசியால் வலுக்கட்டாயமாக இழுத்தாலோ, சிரிஞ்சிலிருந்து டியூபுக்குள் பீய்ச்சி அடித்தாலோ, டியூபை நன்னாரி சர்பத் மாதிரி குலுக்கினாலோ அணுக்கள் உடைந்து எல்லாம் வெளியே கொட்டும். வைக்கோல் கலரில் இருக்க வேண்டிய சீரம் ரோஸ் கலராகும். டியூபைக் குலுக்கக் கூடாது. மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். ஊதாவை எட்டுப் பத்துத் தடவை, நீலத்தை மூன்று நாலு தடவை. கவிழ்க்காமலே விட்டால் உள்ளே குட்டிக் குட்டியாக உறைந்து, தட்டணு எண்ணிக்கை தரைக்கு வந்துவிடும். டெங்கு சீசனில் இது எத்தனை குடும்பத்தின் தூக்கத்தைக் கெடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

டிரிப்ஸ் ஏறுகிற கையில் எடுக்கக் கூடாது என்பதும் இப்படித்தான். குளுக்கோஸ் ஏறுகிற கையிலேயே எடுத்துவிட்டு, சர்க்கரை 600 என்று இன்சுலின் வரை யோசித்த கதைகள் எந்த லேபில் கேட்டாலும் கிடைக்கும். டயாலிசிஸுக்காக ஆபரேஷன் செய்த கை, மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்த பக்கத்துக் கை... இவற்றையும் தொடக் கூடாது. எடுக்கிறவர் கேட்க மறந்தால் நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த இடத்தில் கூச்சம் ஆகாது.

எடுத்த ரத்தம் செத்துப்போன பொருள் இல்லை. டியூபுக்குள்ளும் அணுக்கள் உயிரோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கின்றன. சாப்பாடு, சர்க்கரை. மணிக்கு ஐந்திலிருந்து ஏழு சதவிகிதம் வரை காலி செய்யும். கிராமத்து முகாம்களுக்கு நிறையப் போயிருக்கிறேன். மரத்தடியில் காலை ஒன்பது மணிக்கு எடுத்த ரத்தம், வழியில் இன்னும் இரண்டு ஊர் முடித்துக்கொண்டு ஜீப்பில் ஆடி ஆடி லேபுக்கு வர மத்தியானம் மூன்று. வெறும் வயிற்றில் 126-க்கு மேல் என்றாலே சர்க்கரை வியாதி. நிஜத்தில் 140 இருந்தவருக்கு அந்த ஆறு மணி நேரத்தில் நூறுக்குக் கீழே வந்துவிடும். "உங்களுக்கு ஒண்ணுமில்லை பெரியவரே" என்று அனுப்பிவைப்பார்கள். அவரும் சந்தோஷமாகப் போய் இன்னும் ஐந்து வருஷத்தில் கால் விரலில் ஆறாத புண்ணோடு வருவார். இதற்காகத்தான் சாம்பல் மூடி. அதில்கூட ஃப்ளோரைடு வேலை செய்ய ஆரம்பிக்க ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும் என்பதால், சீக்கிரம் கொண்டுவந்து பிரிப்பதே நல்லது.

அப்படியானால் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் போட்டுவிடலாமே? அங்கேயும் வம்பு. குளிரில் சிவப்பணுவின் பம்ப் நின்றுபோய், உள்ளே இருக்கும் பொட்டாசியம் கசியும். பிரிக்காத ரத்தத்தை ஐஸில் வைத்தால் பொட்டாசியம் பொய் சொல்லும். அம்மோனியா பார்க்க வேண்டும் என்றால் ஐஸ் கட்டாயம். மஞ்சள்காமாலைக் குழந்தையின் ரத்தம் வெளிச்சத்தில் இருந்தால் பிலிருபின் குறைந்துபோகும். கறுப்புக் காகிதம் சுற்ற வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சம்பிரதாயம். எனக்குத் தெரிந்து இதையெல்லாம் முறையாகச் செய்தவர்களுக்கு யாரும் சால்வை போட்டதில்லை.

நோயாளிகள் பங்கும் கொஞ்சம் உண்டு. "வெறும் வயித்தோட வந்திருக்கீங்களா?" "ஆமா சார்." "எதுவும் சாப்பிடலையே?" "ஒண்ணுமே சாப்பிடலை சார்... காபி மட்டும்." நம் ஜனங்களுக்குக் காபி சாப்பாட்டுக் கணக்கில் வராது. தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம், குடிக்கவும் வேண்டும். தண்ணீர்கூடக் குடிக்காமல் வறண்டுபோய் வந்தால்தான் 'நரம்பு உள்ளே போயிடும்'.

குழந்தைகளிடம் "வலிக்கவே வலிக்காது" என்று நான் சொன்னதில்லை. வலிக்கும்தானே? ஒரு தடவை பொய் என்று தெரிந்துவிட்டால் அடுத்த தடவை நாலு பேர் சேர்ந்து அமுக்க வேண்டியிருக்கும். புற்றுநோய் வார்டில் ஒரு ஏழு வயசுப் பையன், சிரையெல்லாம் மருந்து ஏறிக் கயிறு மாதிரி இறுகிப்போனவன். நான் போனதும் இரண்டு கையையும் நீட்டிக் காட்டி, "இது வேணாம் மாமா, நேத்தே யூஸ் பண்ணிட்டாங்க. இது நல்லா வரும்" என்பான். அவன் காட்டிய இடம் தப்பியதே இல்லை. இரண்டு தடவை முயன்றும் வரவில்லை என்றால் மூன்றாவது தடவை வேறு ஆளைக் கூப்பிட வேண்டும் என்பது விதி. எங்களில் பலருக்கு அது கௌரவப் பிரச்னை. அவனிடம் எனக்குக் கௌரவம் பார்க்கத் தோன்றியதில்லை. அவனைத்தான் கேட்பேன்.

கடைசியாக ஊசி. எடுத்த ஊசிக்கு மறுபடி மூடி போடக் கூடாது. குத்திக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். 2016-ல் வந்த மருத்துவக் கழிவு விதிகளின்படி, ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குத்தான் போக வேண்டும். அதற்கு முன்னாலும் டப்பா வைத்திருந்தோம். எல்லோரும் அதில் போட்டார்களா என்பது வேறு விஷயம்.

எங்கள் வார்டில் ஒரு ஆயாம்மா. காலையில் படுக்கை விரிப்பை அள்ளிச் சுருட்டும்போது உள்ளே கிடந்த ஊசி கட்டைவிரலில் ஏறிவிட்டது. யார் போட்டது, யாருக்குக் குத்தியது, ஒன்றும் தெரியாது. பிதுக்கப் போனவரைத் தடுத்து, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவ வைத்தோம். அந்த ஊசி ஹெச்.ஐ.வி. உள்ளவருடையதாக இருந்தால் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்துக்கு மூன்று. மஞ்சள்காமாலை பி வகை என்றால், தடுப்பூசி போடாதவருக்கு நூற்றுக்கு முப்பது வரை. தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஆரம்பித்து, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். குமட்டலோடு சாப்பிட்டார். பி வகைக்குத் தடுப்பூசி அவருக்கு அதுவரை யாருமே போட்டிருக்கவில்லை. பெருக்கித் துடைக்கிறவர்தானே என்று விட்டிருந்தார்கள். அன்றுதான் முதல் ஊசி.

அன்றைக்கு ஒரு டெஸ்ட். ஆறு வாரத்தில் ஒன்று, மூன்று மாசத்தில் ஒன்று, ஆறு மாசத்தில் ஒன்று. நாலு தடவையும் "நீயே எடு தம்பி" என்று என்னிடம்தான் வந்தார். அந்த ஆறு மாசமும் பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சவில்லை என்று பிறகு தெரிந்தது. அதற்கும் தொற்றுக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை தடவை சொல்லியும் கேட்கவில்லை.

கடைசி ரிப்போர்ட்டை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். நெகட்டிவ். ஒன்றுமில்லை, இனிமேல் பயமில்லை என்றேன். காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது.

"இதுல போட்டிருக்கது எம் பேருதானே தம்பி? இன்னொருக்கா நல்லா பாரு" என்று திருப்பி நீட்டினார்.

வாங்கிச் சத்தமாகப் படித்தேன். பெயர், வயது, நம்பர்.